நூற்றைம்பத்தேழு கண்ணிகள்

எலெனுக்கு எல்லாம் வரும், உட்காரத்தான் வராது. இதை அவள் முகத்துக்கு நேராகவே நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவளும் நின்றுகொண்டேதான் கேட்டிருக்கிறாள்.

சைகோனில் தாக்காவ் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். இந்தப் பக்கம் நானும் என் புருஷன் மொரீசும். அந்தப் பக்கம் எலென், அவள் புருஷன் இக்னாஸ், ஐந்து பிள்ளைகள், சமையலுக்கு ஒத்தாசையாக ச்சி பா என்கிற இந்த ஊர்ப் பெண். அது போக, கடைசியாக வந்த கப்பலில் எத்தனை புதுச்சேரிக்காரர்கள் இறங்கினார்களோ அவர்களில் பாதிப் பேர். இக்னாஸ் துவானில், அதாவது சுங்கத்தில், குமாஸ்தா. நாலு பெரிய மனிதர்களைத் தெரிந்தவர். இது போதாதா? புதுச்சேரியில் வேலை கிடைக்காத ஒவ்வொருவரும் ஒரு கடிதத்தைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு கப்பலேறி நேரே இவர் வாசலுக்கு வந்துவிடுவார்கள். இக்னாசுக்கு 'இல்லை' என்ற சொல் எந்தப் பாஷையிலும் வராது.

வருகிறவர்களுக்குப் பாய் விரிப்பதும் சோறு போடுவதும், கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று தொண்டை வற்றச் சொல்வதும், சொல்லியும் கேட்காமல் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டால் கஷாயம் வைத்துக் கொடுப்பதும் எலென் வேலை. ஒருவருக்கு வேலை கிடைத்துப் போனால் அடுத்த கப்பலில் இருவர் வருவார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருடம், பாஸ்குவுக்கு முந்தின தபசுகாலம் தொடங்கிய வாரம். வந்திறங்கிய ஒருவருக்குக் கொசுவலை தேடி அடிப்பெட்டியைக் கவிழ்த்த எலென், ஒரு துணி மூட்டையை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். பிரித்தாள். இரண்டு நீண்ட எஃகு ஊசிகள், அவற்றில் தொங்கிக்கொண்டு ஒரு முழத்துக்கு லேஸ் பின்னல், ஒரு பழைய நோட்டு. பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை. காரணம் இருக்கிறது.

பதினோரு வருடத்துக்கு முன், மூத்தவள் லூசியேன் வயிற்றில் இருந்தபோது எலென் ஆரம்பித்தது அது. ஞானஸ்நானத்தன்று குழந்தைக்குப் போர்த்துவதற்கு ஒரு சால்வை. புதுச்சேரியில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரெஞ்சு மேர், அதாவது கன்னியாஸ்திரி அம்மா, கற்றுக்கொடுத்த பின்னல். தலைமுடி போல மெல்லிய பருத்தி நூல். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு நூல்வளையமும் ஒரு கண்ணி. பன்னிரண்டு கண்ணி சேர்ந்தால் ஓர் இலை. வரிசைக்குப் பதின்மூன்று இலை, ஓரத்துக்கு ஒற்றைக் கண்ணி. ஆக மொத்தம் நூற்றைம்பத்தேழு. லூசியேன் மூன்று வாரம் முந்திப் பிறந்துவிட்டாள், சால்வை ஒரு முழத்தோடு நின்றுவிட்டது. நான் குரோஷே ஊசியில் பின்னி வைத்திருந்த சால்வையைப் போர்த்தித்தான் அவளைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஞானத்தாயும் நான்தான். என்னுடையது மட்டும் எப்படி முடிந்திருந்தது என்றால், எனக்குப் பிள்ளை இல்லை, நேரம் இருந்தது. உண்மையில் அதை எனக்கு ஒரு பிள்ளை பிறக்கும் என்றுதான் பின்னியிருந்தேன்.

இப்போது அந்த லூசியேனுக்குப் பெந்தகோஸ்து ஞாயிறன்று புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை. புதுநன்மைக்குப் பெண்பிள்ளை போடுகிற வெள்ளை முக்காட்டை ஞானத்தாய் வாங்கித் தருவது எங்கள் குடும்பங்களில் வழக்கம். கத்தினாத் தெருக் கடை ஒன்றில் அதை நான் கிறிஸ்துமசுக்கே வாங்கிவிட்டேன். காற்றுப் போன்ற துல் துணி, தலையைச் சுற்றிக் கட்ட சாட்டின் நாடா. என் கட்டிலுக்கு அடியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. தினம் ஒருமுறை திறந்து பார்ப்பேன்.

"ஞானம், இதையே லூசியேனுக்கு முக்காடாக்கிடலாம்னு பாக்குறேன். இன்னும் ஒண்ணரை முழம் போட்டா போதும். பதிமூணு வாரம் இருக்கு," என்றாள் எலென்.

"நீ உக்காரப் போறியா?" என்றேன்.

"உக்காருவேன்."

பெட்டியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. அவள் முடிக்கப்போவதில்லை என்று நிச்சயமாக இருந்தேன். முடிக்க வேண்டாம் என்றும் கொஞ்சம் ஆசைப்பட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான்.

முதல் இரண்டு வாரம் துருவோடு போயிற்று. சைகோன் ஈரத்தில் பதினோரு வருடம் கிடந்த எஃகு சும்மா இருக்குமா? ஊசியில் இருந்த வரிசை முழுக்கப் பழுப்புக் கறை. கண்ணிகளை ஒரு நூலில் மாற்றிக் கோத்துவிட்டு, ஊசிகளைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கறைமேல் எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் காயவைத்தாள். அதற்குப் பின் நூல். டோங் டு தெருவில் மசூதிப் பக்கம் ஜலீல் கடையில் வாங்கிய நூல் பளீர் வெள்ளை. பழையது பழஞ்சோற்று நிறத்துக்கு வந்திருந்தது. புது நூலைத் தேயிலைத் தண்ணீரில் முக்கினாள். முதல் சிட்டம் செம்மண்ணாகிவிட்டது, இரண்டாவது போதவில்லை, மூன்றாவது சரியாக வந்தது. இதற்கு நடுவே ஒரு கப்பல் வந்தது.

இதெல்லாம் பரவாயில்லை. அந்த நோட்டுதான் எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கியது. மேர் பிரெஞ்சில் சொல்லச் சொல்ல, எலென் தமிழில் எழுதியிருந்தாள். அதுவும் முழுச் சொல் அல்ல, தலையெழுத்து மட்டும். 'பி' என்றால் பின்னு. 'சே' என்றால் இரண்டு கண்ணியைச் சேர்த்துப் பின்னு. 'தா' என்றால் ஒரு கண்ணியைத் தூக்கி இன்னொன்றைத் தாண்டவை. 'வி' என்றால் விடு, அதாவது நூலை ஊசிமேல் ஒரு சுற்று விடு. அந்த இடத்தில்தான் ஓட்டை விழும், லேஸ் லேஸாகும். எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று ஓரத்திலாவது குறித்து வைத்தாளா என்றால் அதுவும் இல்லை. மறந்துபோகும் என்று பதினேழு வயதில் யாருக்குத் தோன்றுகிறது?

நோட்டில் இருந்தபடியே ஒரு வரிசை பின்னி எண்ணினாள். நூற்றெழுபது வந்தது. பதின்மூன்று கண்ணி அதிகம். பிரித்தாள், மறுபடி பின்னினாள், மறுபடி நூற்றெழுபது. போகட்டும் என்று அடுத்த வரிசைகளைப் பின்னிப் பார்த்தால் நூற்றெண்பத்துமூன்று. ஓட்டைக்காக ஒரு கண்ணி கூடினால் பக்கத்திலேயே ஒன்று குறைய வேண்டும், இல்லாவிட்டால் பின்னல் அகன்றுகொண்டே போகும். அகன்றுகொண்டேதான் போயிற்று. ஒவ்வொரு இலையிலும் இடது பாதி அழகாக நிமிர்ந்து நின்றது, வலது பாதி வயிறு உப்பிப் படுத்துவிட்டது.

என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன்.

"ஒத்தை ஊசிக்காரி, உனக்கு எங்கே தெரியப்போகுது," என்றாள். குரோஷேவுக்குக் கொக்கி ஊசி ஒன்றே போதும், அதை அவள் எப்போதும் அப்படித்தான் கேலி செய்வாள்.

"அந்த மேருக்கு எழுதிக் கேளேன்."

"அவங்க பிரான்சுக்குத் திரும்பிப் போயி, செத்தும் போயிட்டாங்க. கல்லறைக்கா எழுதிக் கேக்குறது?" என்று பின்னலைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பின் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணுகிற சத்தம்தான். "எழுபத்தொண்ணு, எழுபத்திரண்டு…" என்று மெல்ல ஏறும். "அண்ணி, கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா?" என்று ஒரு குரல் வரும். மறுபடி ஒன்றிலிருந்து. "நூத்திரண்டு, நூத்திமூணு…" கடைக்குட்டி எதன் மேலிருந்தோ விழுவான். மறுபடி ஒன்றிலிருந்து. அவள் நூற்றைம்பதைத் தாண்டுவதற்குள் அந்த வீட்டில் யாருக்காவது எதுவாவது வேண்டியிருந்தது. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பாஸ்குத் திருநாள் வந்து போயிற்று. இரண்டு பிள்ளைகளுக்கு மணல்வாரி போட்டு இறங்கியது. முக்காடு ஒரு விரற்கடை வளரவில்லை. பின்னுவதும் பிரிப்பதுமாக அந்த நூல்தான் பஞ்சாகிக்கொண்டிருந்தது.

ஒரு சாயங்காலம் இக்னாஸ் வேலையிலிருந்து வந்தபோது அவள் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு எலென் இந்த இம்சை? கத்தினாத் தெருவுலே அழகழகா வச்சிருக்கான். ஞானம் அக்கா வாங்கித் தரமாட்டாங்களா?"

"உங்க ஆளுங்களுக்குப் பாய் போட்டே எனக்குப் பதினோரு வருஷம் போச்சு. நான் ஆரம்பிச்சதுலே நான் முடிச்சது ஏதாச்சும் ஒண்ணு இருக்கா? சொல்லுங்க."

"அஞ்சு பிள்ளைங்க இருக்கே."

"அதுங்க முடிஞ்சா போச்சு?"

இக்னாஸ் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், ஆனால் எப்போது சிரிப்பது என்று தெரியாது. அடுத்த நொடி ஜன்னல் வழியாக ஒன்று பறந்து சுவரைத் தாண்டி எங்கள் முற்றத்தில் வந்து விழுந்தது. நோட்டு.

நான் எடுத்துத் துடைத்து உள்ளே வைத்தேன். திருப்பிக் கொடுக்கவில்லை. அன்றும் கொடுக்கவில்லை, மறுநாளும் கொடுக்கவில்லை. நோட்டு இல்லை என்றால் முக்காடு இல்லை. முக்காடு இல்லை என்றால் என் பெட்டி வெளியே வரும். லூசியேன் நான் கொடுத்ததைப் போட்டுக்கொண்டு பீடத்துக்கு முன் போய் நிற்பாள். எனக்கென்று இருக்கிற பிள்ளை அவள் ஒருத்திதான். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் லூசியேன் வந்தாள். ஞானத்தாயை எங்களவர்கள் மரேன் என்பார்கள்.

"மரேன், மமானோட நோட்டு இங்கே விழுந்துச்சா?"

"ஏன், உங்க மமான்தான் தூக்கி எறிஞ்சிட்டாளே."

"இப்போ வாசல்லே சாக்கடையெல்லாம் தேடிட்டிருக்காங்க. நான் எதைப் போட்டுக்கிட்டாலும் சரிதான் மரேன், அவங்க அழாம இருந்தா போதும்."

நோட்டைக் கொடுத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது. பெட்டியை அன்று திறந்து பார்க்கவில்லை.

மே மாதத்து முதல் மழையோடு ஒரு கப்பல் வந்தது. மத்தியானம் எலென் கூடத்தில் பின்னலும் கையுமாக இருந்தாள். நான் பக்கத்தில் பயறு உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் தகரப்பெட்டியோடு சொட்டச் சொட்ட ஒருவர் வந்து நின்றார். மெலிந்த ஆள், மூக்குக்கண்ணாடி முழுக்க மழைத்தண்ணீர்.

"போன்ழூர் அண்ணி. நான் அகுஸ்தேன். இக்னாஸ் அண்ணனுக்கு ஒண்ணு விட்ட தம்பி."

எலென் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வர்றவங்க எல்லாரும் ஒண்ணு விட்டவங்கதான். எதைத்தான் விட்டீங்களோ, யாருக்குத் தெரியும்?"

கேலி என்று அந்த மனிதருக்குப் புரியவில்லை. பரீட்சையில் கேட்டதுபோல நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"அதாவது அண்ணி, நடுவுலே ஒருத்தரைத் தொடாம விட்டுட்டு, அடுத்தவரைப் புடிச்சுத் தாண்டி வரணும். எங்க அப்பாவும் இக்னாஸ் அண்ணனோட அப்பாவும்…"

எலென் கை நின்றது. "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"எங்க அப்பாவும்…"

"அப்பாவை விடுங்க. அதுக்கு முன்னாடி சொன்னது."

"ஒருத்தரைத் தொடாம விட்டுட்டு…"

"அப்புறம்?"

"தாண்டி வரணும்," என்றார் அவர் பயந்துபோய்.

எலென் நோட்டைப் புரட்டி அந்த வரிமேல் விரலை வைத்தாள். '1வி 1பி தா.' ஒரு கண்ணியைப் பின்னாமல், தொடாமல் விடு. அடுத்ததைப் பின்னு. விட்டதைத் தூக்கிப் பின்னினதைத் தாண்டவை. அப்போதுதான் ஒரு கண்ணி குறையும். 'தா'வுக்கு முன்னால் வருகிற 'வி' நூலை விடுவது அல்ல, கண்ணியை விடுவது. இரண்டுக்கும் அவள் ஒரே எழுத்தைப் போட்டு வைத்திருந்தாள்.

"ரெண்டு வி, ஞானம்! மடச்சி, ரெண்டு வி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

அங்கேயே ஒரு வரிசை பின்னினாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு எண்ணினேன். நூற்றைம்பத்தேழு. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் அவள் முகம் கோபத்தில் சிவந்துவிட்டது. "இந்த ஒரு எழுத்துக்கு ரெண்டரை மாசம்!" என்று அழுதாள். அகுஸ்தேன் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை உட்காரச் சொல்ல எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

பெந்தகோஸ்துக்குப் பத்தொன்பது நாள் இருந்தது. தபசுகாலத்திலிருந்து பின்னியது எல்லாவற்றையும் உருவி எறிந்துவிட்டு ஆரம்பித்தாள். அகுஸ்தேனை முக்காலியில் உட்காரவைத்து இரண்டு கையிலும் நூல் சிட்டத்தை மாட்டினாள். அந்த வீட்டில் சாப்பிட்ட சோற்றுக்கு வேலை செய்த முதல் விருந்தாளி அவர்தான். அடுப்பைப் பிள்ளை குட்டிகளோடு ச்சி பாவிடம் விட்டுவிட்டாள். ரசத்தில்கூட நுவொக்மாம் மீன்சாறு வாசம் அடித்தது. இக்னாஸ் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார். எலென் உட்கார்ந்து பின்னினாள், நின்று பின்னினாள், வாசலில் காய்காரியோடு சண்டை போட்டுக்கொண்டே பின்னினாள்.

அப்படியும் போதவில்லை. சனிக்கிழமை மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் எண்ணும் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். ஊசிகளை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை, எனக்குப் பிடிக்கவும் இல்லை.

"ஒரு சாண் குறையுது, ஞானம். நாளைக்குக் காலையிலே பூசை."

"இதோட கண்ணியை மூடிடு. குட்டையா இருந்தா என்ன?"

"மூடினா முடிஞ்சுபோச்சு. என்னைக்கும் ஒரு சாண் குறைஞ்சேதான் கிடக்கும். மூடமாட்டேன்."

இதற்கு மேல் ஒளித்து என்ன ஆகப்போகிறது? "என்கிட்ட ஒரு முக்காடு இருக்கு, எலென்," என்றேன். 

"தெரியும். கட்டிலுக்கு அடியிலே. லூசியேன் பார்த்துட்டு வந்து கிறிஸ்துமசுக்கே சொல்லிட்டா."

தெரிந்தேதான் ஊசியை எடுத்தாளா என்று எனக்குச் சுள்ளென்று வந்தது. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுலே ஒரு நாடா இருக்காமே. அதை மட்டும் உருவிக் கொடேன்."

பதினோரு வருடத்துக்கு முன் என் சால்வையைக் கொடுத்தபோதுகூட எனக்கு இவ்வளவு வலிக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, கத்தினாத் தெரு முக்காட்டிலிருந்து தையலைப் பிரித்து நாடாவை உருவினேன். துல் கசங்கி என் மடியில் விழுந்தது. அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழுந்து போனேன்.

எலென் மழுங்கிய ஊசி ஒன்றில் நாடாவைக் கோத்து, நூற்றைம்பத்தேழு கண்ணிக்குள்ளும் ஓட்டிவிட்டு, பின்னல் ஊசியை உருவிக்கொண்டாள். நாடாவை இழுத்து லூசியேன் தலையில் கட்டியதும் லேஸ் தலைவளையம் போலச் சுருங்கி, மற்றது முதுகில் வழிந்தது. இலைகள் எல்லாம் நிமிர்ந்து நின்றன. பார்க்கிறவர்களுக்கு அது வேண்டுமென்றே போட்ட அமைப்பு என்று தோன்றும். ஆனால் கண்ணி ஒன்றும் மூடவில்லை. நாடா நழுவினால் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

ஞாயிறன்று பூசையில் எலென் ஒரு ஜெபமும் சொல்லவில்லை. கண் முழுக்க அந்த நாடா மேல். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய கன்னியாஸ்திரி ஒவ்வொரு பெண்ணின் முக்காட்டையும் இழுத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். லூசியேனிடம் வந்து நாடாவைத் தொட்டபோது எலென் எழுந்தே நின்றுவிட்டாள். இக்னாஸ் பிடித்து உட்காரவைத்தார். லூசியேன் கழுத்தைத் திருப்பாமல், தலைமேல் தண்ணீர்க்குடம் இருப்பதுபோல நடந்து பீடத்துக்குப் போனாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது.

வெளியே ஒரு அம்மாள் எந்தக் கடை என்று கேட்டாள். "இன்னும் முடியலை," என்று மட்டும் சொல்லிவிட்டு எலென் பிள்ளையை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. முக்காட்டை எடுத்து, கண்ணி கண்ணியாக ஊசிக்கு மாற்றி, நாடாவை உருவி, எண்ணினாள். நூற்றைம்பத்தாறு. மறுபடி எண்ணினாள். நூற்றைம்பத்தாறுதான்.

"ஒண்ணு விட்டுப்போச்சு," என்றாள். இந்தத் தடவை அது கேலி இல்லை என்று அகுஸ்தேனுக்குக்கூடப் புரிந்தது.

லூசியேன்தான் கண்டுபிடித்தாள். கொண்டையூசியில் மாட்டி நழுவிய ஒரு கண்ணி, நான்கு வரிசை கீழே இறங்கி, ஏணிப்படி போல நூலைக் காட்டிக்கொண்டு நின்றது. எலென் நீண்ட ஊசியின் முனையால் அதைப் பிடிக்கப் பார்த்தாள். முனை வழுக்கியது, கண்ணி இன்னொரு படி இறங்கியது. ஊசியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"ஞானம், உன் ஒத்தை ஊசியை எடுத்துட்டு வா."

ஓடிப்போய்க் குரோஷே ஊசியைக் கொண்டுவந்தேன். கொக்கியை அந்தக் கண்ணிக்குள் விட்டு, மேலே இருந்த முதல் படியைப் பிடித்து உள்ளே இழுத்தேன். அது கண்ணியாயிற்று. அடுத்தது, அதற்கு அடுத்தது. ஐந்து படி. ஐந்தாவதைத் தூக்கி அவள் ஊசியில் மாட்டினேன். எலென் பொறுமையாக, ஒன்றிலிருந்து, சத்தமாக எண்ணினாள். இக்னாஸ் உள்ளேயிருந்து வியாழக்கிழமைக் கப்பலைப் பற்றி ஏதோ ஆரம்பித்தார். லூசியேன் வாயில் விரலை வைத்து அவரை அடக்கினாள்.

"நூத்தம்பத்தேழு," என்றாள் எலென். அதில் ஐந்து படி நான் ஏற்றியது.